நீச்சல் டீச்சரும் ஒரு வாளித் தண்ணீரும்

1

இந்தக் கதை ஒரு பிளக்கில் ஆரம்பித்தது. மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் என் கைப்பேசி உயிரை விட்டுக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த ஒரே பிளக்கை யாரோ பிடித்திருந்தார்கள். (எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது என் கதை இல்லை.) ஒரு நிமிடம் கழற்றிப் போடலாம் என்று கையை நீட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரர் நிதானமாகச் சொன்னார்:

"சார், அதைப் பிடுங்கிடாதீங்க. அது என் வீட்டுக்காரி."

ஒயரின் மறுமுனையில் ஒரு பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "பயப்படாதீங்க, பேட்டரியும் இருக்கு" என்று எனக்கு ஒரு சுளை நீட்டினாள்.

நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

பிறக்கும்போதே அவள் இதயம்— (வேண்டாம். அந்தச் சொல்லைக் காதல் பாட்டு எழுதுகிறவர்கள் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள்.)

நாடித் துடிப்பே இல்லாத பெண் ஒருத்தி— (பேய்க்கதை ஆகிவிடும்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் நீச்சல் டீச்சர். இதயத்தின் கீழறைகள் இரண்டும் இடம் மாறிப் பிறந்தவள். நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் அனுப்ப வேண்டிய அறை, இத்தனை வருடம் மொத்த உடம்புக்கும் உழைத்து ஓய்ந்துபோனது. அதற்குத் துணையாக ஒரு பம்பைப் பொருத்தியிருக்கிறார்கள். வயிற்றைத் துளைத்து ஒரு ஒயர் வெளியே வருகிறது, தோள்பையில் பேட்டரிகள். பம்பு துடிக்காது, ஓயாமல் சுழலும். அதனால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது. இன்னொருவர் இதயம் கிடைக்கும்வரை இதுதான் ஏற்பாடு. ஒயர் நுழையும் இடம் நனையக் கூடாது. அதாவது, குளத்தில் இறங்கவே கூடாது.

3

இருந்தாலும் குளத்துக்குப் போகிறாள். விசிலோடு கரையில் உட்கார்ந்து, பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். பயந்தவர்களுக்கு அவள் வைத்திருக்கும் பாடம் ஒன்றுதான்.

"தலையை முக்கிட்டுக் காதைக் குடுங்க. உள்ள ஒருத்தன் தட்டிக்கிட்டு இருப்பான். அவன் தட்டுற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

ஒரு நாள், ஓய்வு பெற்ற கையோடு நீச்சல் கற்க வந்த வங்கிக் கேஷியர் அம்மாள், தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டுவிட்டாள்:

"டீச்சர், இப்ப உங்களுக்கு யாரு தட்டுறா?"

டீச்சர் விசிலை ஊதிச் சமாளித்தாள். ஆனால் அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது. அவளுக்குக் குளம் வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு தடவை தலையை முக்கி, உள்ளே அவன் இன்னும் இருக்கிறானா என்று கேட்டால் போதும். அந்த ஏக்கத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

4

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். (முதல் வரைவில் பம்பு மெக்கானிக். ரொம்பப் பொருந்தி வந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்தேன்.)

கதை முடிய வேண்டுமென்றால், இதயம் கிடைத்துவிட்டது என்று போன் வர வேண்டும். போன் வர வேண்டுமென்றால் நான் ஓர் ஆளைச் சாகடிக்க வேண்டும். முயன்றேன்.

மழையில் ஹெல்மெட் இல்லாமல் கிளம்பிய ஒருவன்—

அவனுக்கு ஒரு சட்டை மாட்டிவிட்டதுதான் தப்பு. அதில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்; அவசரத்தில் அவன் அக்கா தைத்தது. அதற்கப்புறம் எனக்குக் கை வரவில்லை. பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுகிறான்.

டீச்சருக்கும் இதே வேதனைதான்.

"போன் வரணும்னு நெனச்சா, யார் வீட்டுலயோ அழணும்னு நெனக்கிற மாதிரி இருக்குங்க."

"நீ நெனக்காத. அதை நான் நெனச்சுக்கிறேன்."

5

சனிக்கிழமை மதியம். குளியலறையில் ஸ்டூல்மேல் ஒரு வாளி, விளிம்புவரை தண்ணீர்.

"என்ன பண்ற நீ?"

"வயிறு நனையாது. தலை மட்டும்தான். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

திட்டலாமா என்று யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் மூச்சை இழுத்து, காது மூழ்கத் தலையை இறக்கினாள்.

முதலில் ரீங்காரம், ஒரே ரீங்காரம். அவள் பொறுத்திருந்தாள். பிறகு அதற்குப் பின்னால், அடுத்த தெருவில் யாரோ கதவைத் தட்டுவதுபோல, ஒன்று. இன்னொன்று. பழைய ஆள்தான். பம்பு வேலையைப் பாதிக்கு மேல் பிடுங்கிக்கொண்ட பிறகும் வந்துகொண்டிருக்கிறான். தண்ணீருக்குள் அவள் அழுதாள்.

அப்போது கூடத்தில் போன் அடித்தது.

6

யார் கூப்பிடுகிறார்கள் என்று நான் எழுதவில்லை. கேஷியர் அம்மாளாக இருக்கலாம். மருத்துவமனையாகவும் இருக்கலாம். (பொத்தான்காரன் இல்லை. அவனை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்தேன்.)

பை அவர் கையில் இருக்கிறது. ஒயர் அவளிடம் இருக்கிறது. அவளைத் தொட்டு எழுப்பாமல் அவரால் ஓரடி நகர முடியாது. அந்தப் போனுக்காக அவர்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஏங்கியவர். இருந்தும், அவள் தோளுக்கு மேலே நீட்டிய கை அப்படியே நிற்கிறது.

அதை இறக்குவது உங்கள் பொறுப்பு. நான் பேனாவை மூடுகிறேன். ஒன்று மட்டும்: அவள் நல்ல நீச்சல்காரி, மூச்சு இன்னும் பாக்கி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளட்டும்.