வால்நட்டா மெர்பாவா

ஷர்மினி சுரண்டியை அழுத்தி இழுத்தாள். துப்பாக்கிக் கட்டையின் கருப்புப் பெயிண்ட் பாம்புச் சட்டைபோல நீளமாக உரிந்து வந்தது.

“வருதுப்பா!” சமையலறையிலிருந்து கத்தினாள்.

“மெதுவா! மரத்தக் கீறிடாத!”

முன்னறைக் கட்டிலிலிருந்து வந்த அப்பா சந்திரசேகரனின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனை அனுப்பிவைத்த நாளிலிருந்து அந்தக் குரல் வெறும் முனகலாகத்தான் இருந்தது.

நான்கு மணிக்கு அப்பாவின் நண்பர், போலீஸ் சார்ஜன் அப்துல் ஹமீது, துப்பாக்கியை எடுத்துப்போக வருகிறார். பாலிக் பூலாவ் ஊரில் அப்பாவின் டுரியான் பழத் தோட்டத்தில் குரங்கு விரட்டிய துப்பாக்கி; இனி லைசென்ஸைப் புதுப்பிக்கப்போவதில்லை. போலீசிடம் போய் உடைக்கப்படுவதற்குள் அப்பாவுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். வாங்கும்போதே கருப்படித்திருந்த அந்தக் கட்டை வெளிநாட்டு வால்நட் மரம் என்பார் அப்பா. அசல் கட்டை உடைந்துபோய், இங்கே யாரோ செதுக்கிப் பொருத்திய உள்ளூர் மெர்பாவு மரம் என்பார் ஹமீது. இருபது வருடச் சண்டை. சுரண்டிப் பார்த்தால் தீர்ந்துவிடும். அதனாலேயே இருவரும் சுரண்டியதில்லை. இன்று காலையில்தான் அப்பா, “சுரண்டிடு,” என்றார்.

“ஒடைக்கப்போற சாமானுக்கு மேக்கப் வேற,” என்றாள் அம்மா குமுதா, கஞ்சியை ஆற்றியபடி.

“கல்யாணத்தன்னிக்கு ஒனக்குந்தான் போட்டாங்க. நான் ஏதாச்சும் கேட்டனா?” என்றார் அப்பா அங்கிருந்தே.

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கஞ்சியோடு முன்னறைக்குப் போனாள்.

“கருப்புக் கோடு ஓடுதா பாரு ஷர்மினி. ஓடுனா வால்நட். மஞ்சப் பொடி தூவுன மாதிரி இருந்தா…” அப்பா முடிக்கவில்லை.

அவள் சேண்ட்பேப்பரால் தேய்த்து, லின்சீட் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, மரத்தின்மேல் இழுத்தாள். மங்கிக் கிடந்த மரம் சட்டென்று சிவந்தது. அவ்வளவு அழகை அவள் எதிர்பார்க்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துக் குனிந்து பார்த்தாள். நுண்ணிய துளைகளிலெல்லாம் மஞ்சள் பொடி.

“என்ன ஓடுது?”

அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். மஞ்சள் போகவில்லை.

“ஏய், என்னதான் ஓடுது?”

“கருப்புக் கோடுப்பா! வளைஞ்சு வளைஞ்சு போவுது!”

கட்டில் கிறீச்சிட்டது. “குமுதா, போன எடு! அவனுக்கு அடி!” ஸ்பீக்கரில் மணி ஒலித்து ஹமீது எடுத்ததும் அப்பா கூவினார். “டேய் ஹமீது! வால்நட்டுடா! இப்ப என்ன சொல்ற?”

“கண்ணால பாக்காம ஒத்துக்க மாட்டேண்ணே. நாலு மணிக்கு வர்றேன்லா.”

“வாடா, வா! மூஞ்சியக் கழுவிட்டு வா!”

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். இருமல் அடங்கியதும், “கொண்டா, நானும் பாக்குறேன்,” என்றார்.

“எண்ணெ காயலப்பா. ஒட்டும்.”

“ஒட்டட்டும்லா.”

“பத்து நிமிஷம்ப்பா.”

அவள் மறுபடியும் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தபோது அம்மாவின் குரல் கேட்டது. அது யாருடைய பெயருமில்லை. வெறும் சத்தம்.

போன் அப்பாவின் மார்பின்மேல் அசையாமல் கிடந்தது. முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகக் கலையவில்லை.

ஹமீது வந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. தொப்பியைக் கழற்றிக் கட்டிலருகில் வெகுநேரம் நின்றார். பிறகு சமையலறைக்கு வந்தார்.

“கட்டையக் குடும்மா.”

ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரிடத்தில் நகத்தால் கீறினார். ஷர்மினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே போன்ல ரொம்ப சந்தோஷமாப் பேசுனாரும்மா.”

“ஆமா, அங்கிள்.”

அவர் துப்பாக்கியை ஒப்படைக்கும் படிவத்தை எடுத்து வாஷிங் மெஷின் மூடிமேல் விரித்தார். துப்பாக்கியின் விவரம் கேட்டிருந்த இடத்தில் வால்நட் என்று பெரிய எழுத்தில் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

பேனாவை மூடும்போது அவர் நகத்தடியில் மஞ்சள் தெரிந்தது. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்க்க முன்னறைக்குப் போனார்.