கிதிராப் பாலத்துக் கல்யாணம்

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலும் பிரெஞ்சு சூடானும் சேர்ந்து மாலி என்ற ஒரே நாடாகச் சுதந்திரம் பெற்ற அன்றுதான் பெந்தா ந்தியாயின் கல்யாணமும் முடிவானது. ஆற்றுக்கு அக்கரைச் சூடானிலிருந்து மாலை போட்ட ரயிலை ஓட்டி வந்த பக்காரி டிராவோரே, செனகல் கரையின் கிதிரா ஸ்டேஷனில் அவள் சுட்ட வடையில் பதினேழைத் தின்றுவிட்டு, கை கழுவாமலே பெண் கேட்டான்.

இரண்டே மாதம். யார் பெரியவர் என்று மேலே இருந்தவர்கள் முட்டிக்கொண்டதில் கூட்டு உடைந்தது. ரயில் நின்றது. கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் ஆற்றுப்பாலம் வரை நடந்தே வந்துவிட்டார்கள். இக்கரை முனையில் போலீஸ்காரன் அலசான் ஜோப் நந்தி மாதிரி குறுக்கே நின்றான்.

மருதாணிக் கையோடு பெந்தாவே பாலத்துக்கு ஓடினாள்.

"டேய் சோத்து மூட்டை! என் மாப்பிள்ளைய விடுடா."

ந்தியாய் குலத்தாரும் ஜோப் குலத்தாரும் பார்த்த இடத்தில் ஏசிக்கொள்ள வேண்டும். அது பரம்பரை முறை. கோபித்துக்கொள்கிறவன் மனிதனே அல்ல.

"போடி! உங்க தாத்தாவ எங்க தாத்தா ஒரு கூடை கடலைக்கு வாங்கினாரு. அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தரும் இங்க கால் வைக்கக்கூடாது. இங்க இருக்கற அவங்க ஆளுங்களும் சாயங்காலத்துக்குள்ள வெளியேறிடணும். மேலிடத்து உத்தரவு."

வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. பெந்தா அவன் தோளுக்கு மேலாகப் பாலத்தைப் பார்த்தாள். இன்று பக்காரி திரும்பிப் போனால் இந்தப் பாலம் எப்போது திறக்குமோ, யார் கண்டது?

சட்டென்று கேட்டாள். "ஆமா, ஆத்தைத் தாண்டினா உன் பேரு என்ன?"

ஜோப் வீட்டார் அக்கரை போனால் டிராவோரே. இரண்டும் ஒரே ரத்தம் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

"டிராவோரே" என்றான் அலசான், பழக்கதோஷத்தில்.

"அப்ப பக்காரி உனக்கு யாரு?"

"அண்ண..." என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அண்ணனால வர முடியல. தம்பி நீ போய் மசூதியில உக்காரு!" என்றாள் பெந்தா.

அந்த ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மசூதிக்குப் போவதில்லை. இரு வீட்டு ஆண்கள் உட்கார்ந்து, வெற்றிலை பாக்குப் போலக் கோலாக்கொட்டை பகிர்ந்து முடித்துவிடுவார்கள். அலசான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு பாலத்தின் நடுவுக்குப் போய்ப் பக்காரியிடம் கொட்டைக் கூடையை வாங்கி வந்தான்.

"தடை ஆளுக்குத்தான். கொட்டைக்கு இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். இங்கே ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும், காக்கி உடுப்போடு மாப்பிள்ளை வீட்டானாக உட்கார்ந்து அலசான் கல்யாணத்தை முடித்தான்.

"கல்யாணம் முடிஞ்சு என்ன?" என்று அம்மா கண்ணைக் கசக்கினாள். "புருஷன் அங்க, இவ இங்க!"

அலசான் கனைத்தான். "யாரு இந்தப் பொண்ணு?"

"என் மக. தெரியாதாக்கும்!"

"இல்ல. சூடான்காரன் பொண்டாட்டி. உத்தரவுப்படி சாயங்காலத்துக்குள்ள வெளியேத்தணும்."

முதலில் சிரித்தது அம்மாதான். அப்புறம் மேளம் இடித்த இடியில் பாலமே அதிர்ந்தது. அம்மாவே முன்னால் நின்று ஆடினாள். பெந்தாவின் பெட்டியைத் தலையில் சுமந்து, நாடுகடத்தும் ஊர்வலத்தை அலசான் நடத்திப் போனான். நடுப்பாலத்தில் பக்காரி பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"திரும்பி வந்தே, கைது பண்ணிடுவேன்" என்றான் அலசான். குரல் உடைந்துவிட்டது. "இனிமே நான் யாரைடி திட்டுவேன்?"

பெந்தாவுக்கும் அழுகை வந்தது. சிரித்தாள்.

"முதல் ரயிலை என் புருஷன்தான் ஓட்டிட்டு வருவாரு. வடைக்கு எண்ணெய காய வைடா, சோத்து மூட்டை!"