பிரிக்காத இலை

கல்லின் மேல் இலை இருக்கிறது, மடித்த இலை, மடிப்பின் ஓரத்தில் கசிந்த சாம்பார் ஒரு கோடாகக் கல்லில் இறங்குகிறது, ஈ ஒன்று உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறது, மதிய வெயில் கொல்லைச் சுவரைத் தாண்டி இலையின் பாதிவரை வந்துவிட்டது, நான் கையை நீட்டுகிறேன், இலைக்கும் என் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்தான், எவ்வளவு நீட்டினாலும் அந்த ஒரு சாண் குறைவதில்லை, உள்ளேயிருந்து பரிமாறுகிற சன்னாசி சோறு சோறு என்று கத்துகிறான், திரும்பிவிட்டு மறுபடி பார்த்தால் வெறும் கல், பழைய ஆட்டுக்கல், கிரைண்டர் வாங்கியதிலிருந்து கொல்லையில் சும்மா கிடக்கிறது. கனவென்று சொல்லிவிடலாம், ஆனால் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே, கண்ணைத் திறந்துகொண்டே, சாப்பிட்டு எழுந்தவருக்கு வாழைப்பழம் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இது வருகிறது, அப்படி வருவதற்கு என்ன பெயரோ, எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இலை பார்க்கத் தெரியும், பெருமைக்காகச் சொல்லவில்லை, இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், சின்னமனூர் மார்க்கெட்டுக்கு எதிரில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மெஸ் நடத்துகிறவனுக்கு அந்தப் பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி, குழம்பில் உப்புச் சரியா என்று நான் நாக்கில் விட்டுப் பார்த்ததேயில்லை, பந்தி முடிந்ததும் கொல்லைக்குப் போய், எச்சில் இலை எடுக்கிற குருவம்மாவின் கூடையருகே நின்று, மடித்த இலைகளை ஒரு குச்சியால் பிரித்துப் பார்ப்பேன், பத்து இலையில் பொரியல் மிச்சமிருந்தால் பொரியலில் கோளாறு, ஒரே இலையில் மிச்சமிருந்தால் அந்த ஆளிடம் கோளாறு. சர்வேயர் தங்கப்பழம் மூன்று நாளாக ரசத்தையும் ஊறுகாயையும் தொடவில்லை, நாலாம் நாள் வாசலிலேயே மடக்கினேன், என்ன சார், வயித்துல புண்ணா, அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார், என் வீட்டுக்காரிக்கே தெரியாதேய்யா, ஒனக்கு யாரு சொன்னது, ஒங்க எலை சொல்லுச்சு சார் என்றேன், அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விதைக்கடை மொக்கராசு மகளுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்ததை அவர் தொடாமல் வைத்த கறியை வைத்துக் கண்டுபிடித்தவன் நான், ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பல்வலி, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து இரண்டு ஆள் சோறு தின்கிறான், எல்லாம் எனக்கு அத்துப்படி.

பவுன்தாய்க்கு மட்டும் இலை கிடையாது. பவுன்தாய் என் மனைவி, அடுப்படி முழுக்க அவள் கையில்தான், வாசலில் பெரிதாகத் தொங்கும் பவுன் மெஸ் என்ற போர்டில் இருப்பதும் அவள் பெயர்தான், காலை ஐந்து மணிக்கு அடுப்பின் முன்னால் நின்றாள் என்றால் பந்தி ஓய்ந்து மூன்றரை நாலு மணிக்குத்தான் சாப்பாடு, அதுவும் நின்றவாக்கில், சட்டியிலோ மூடியிலோ போட்டுக்கொண்டு, என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், நான் பார்த்ததில்லை, நூறு பேருக்குச் சமைக்கிறவள் பட்டினியா கிடக்கப்போகிறாள் என்ற நினைப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்லை, மெஸ்தான் என் பிள்ளை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, சாப்டீங்களா என்று கேட்பாள், அவ்வளவுதான், அதை நான் அவளிடம் திருப்பிக் கேட்டதாக ஞாபகமில்லை, எத்தனை முறை தேடிப் பார்த்தாலும் ஞாபகமில்லை. போன வருடம் ஆவணியில் அவள் ரவிக்கை தொளதொளத்துப் போனது, தோளில் ஊக்குக் குத்திக்கொண்டாள், என்னடி, புதுப்பொண்ணு மாதிரி எளைச்சுட்டே என்று கேலி செய்தேன், பவுன்தாய் சிரிக்கிறாள், சிரிக்கும்போது கை தொண்டைக்குப் போகிறது, தாலிக்கயிற்றைச் சரிசெய்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கார்த்திகை பிறந்தால் கறிச்சட்டிகள் பரணுக்குப் போய்விடும், சபரிமலைக்குப் போகிற வேன்களெல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் குமுளிக்கு ஏறும், போன வருடம் கார்த்திகை ஏழு, மெஸ் தொடங்கி இருபத்தைந்து வருடம் நிறைகிற நாள், வடை பாயசத்தோடு சாப்பாடு, முதல் பந்தியில் பவுன்தாயை உட்கார வைக்க வேண்டும் என்று சர்வேயர்தான் ஆரம்பித்து வைத்தார், நான் அப்பறமா சாப்ட்டுக்கிறேன், வேலை கெடக்கு என்று அவள் உள்ளே போகப் பார்த்தாள், அட ஒக்காருத்தா, இன்னைக்கு ஒரு நாள் ஒம் புருசன் பரிமாறட்டும் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், தூணோரத்தில், காலண்டருக்குக் கீழே உட்கார்ந்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரோ ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவளைப் போல. நான்தான் சோறு வைத்தேன், குழி பறித்துச் சாம்பார் ஊற்றினேன், வடை வைத்தேன், அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது, சாமியே சரணம் என்று முப்பது பேர் இறங்கினார்கள், நான் வாளியோடு ஓடினேன். திரும்பி வந்தபோது தூணோரத்தில் இலை இல்லை, அவளும் இல்லை.

தை மாதம் மதுரைக்குக் கூட்டிப்போனேன், தண்ணீரே இறங்காமல் போன பிறகு, எத்தன மாசமா முழுங்க முடியலம்மா என்று டாக்டர் கேட்டார், அவள் ஒரு கையை விரித்து, இன்னொரு கையில் ஒரு விரலைச் சேர்த்தாள், ஆறு, அத்தனை நாளும் சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டே மூன்று வேளையும் ஊருக்குச் சமைத்திருக்கிறாள், வீட்ல இவங்க சாப்பிடறத யாருமே பாக்கலையா, நீங்க என்ன தொழில் பண்றீங்க என்று டாக்டர் என்னிடம் கேட்டார், மெஸ் வச்சிருக்கேன் சார் என்றேன், அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏண்டி எங்கிட்ட சொல்லல என்று பஸ்ஸில் கேட்டேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், பங்குனியில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த வியாதி வந்தது, பந்தி முடிந்தால் ஒரு இலை விடாமல் பிரிக்கிறேன், குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையாலேயே பிரிக்கிறேன், முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை, நசுங்கிய அப்பளம், எல்லாம் யாரோ தின்ற இலை, நான் தேடுகிற இலை அதில் இல்லை. ஊர் சிரிக்கிறது, அது எனக்குத் தெரியும். ஐப்பசியில் ஒருநாள் குருவம்மா கூடையை நகர்த்தி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள், போதும் விடுங்கண்ணே, நீங்க தேடுற எலைய மாடு தின்னு வருசமாகப் போகுது, அக்கா அன்னைக்கு எலைய எங்கூடையில போடல, அந்தா அந்தக் கல்லு மேல கொண்டாந்து வச்சுச்சு, நான் எடுக்கப் போனேன், தொடாத குருவு, அவரு வந்து பிரிச்சுப் பாக்கட்டும்னுச்சு, மூணு மணி வரைக்கும் சோறு வடிக்க உள்ள போறதும் இங்கிட்டு வந்து நிக்கிறதுமா இருந்துச்சு, நீங்க வரல, அப்பறம் அதுவே எடுத்து மாட்டுக்குப் போட்டுருச்சு, போடயில பாத்தேன், வச்ச சோறு வச்சபடியே இருந்துச்சுண்ணே, அஞ்சு வெரலு பட்ட தடம் மட்டுந்தான். சொல்லிவிட்டு அவள் அழுதாள், நீங்க வந்து பாத்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்க, ஒங்களுக்கு வேலை ஒழியல, என்ன பண்றது என்று எனக்கே சமாதானம் சொன்னாள்.

குருவம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், நான் வந்தேன். குருவம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரமாக இருக்கும், சோறு கேட்டுக் கொல்லை வாசல்வரை வந்தேன், பவுன்தாய் கல்லருகே நிற்கிறாள், கல்லின் மேல் இலை இருக்கிறது, ஏங்க, ஒரு நிமிசம் இங்க வாங்க என்கிறாள், இலையைக் காட்டுகிறாள், அவள் முகத்தில் இருந்தது பயம் என்று இன்று தெரிகிறது, அன்று தெரியவில்லை, இல்லை, அன்றே தெரிந்தது, தெரிந்தும்தான் சொன்னேன், எச்சி எலையக் கூடையில போடாம கல்லுல வச்சு வேடிக்கை பாக்குறியா, ஈ மொய்க்குது, சாமிக ஒக்காந்திருக்காங்க, அப்பறம் பேசலாம். அப்பறம் என்று சொன்னேன். மதுரை பஸ்ஸில் ஏண்டி சொல்லல என்று கேட்டேனே, அந்த வாயை எதைக் கொண்டு கழுவுவது.

இன்று கார்த்திகை ஏழு. தூணோரத்தில் ஒரு இலை போட்டு நானே உட்கார்ந்தேன், நானே சோறு வைத்துக் குழி பறித்துச் சாம்பார் ஊற்றிக்கொண்டேன், வடை வைத்துக்கொண்டேன், ஐந்து விரலையும் சோற்றில் வைத்தேன், அதற்கு மேல் முடியவில்லை, மடித்தேன், மடிக்கிறது என் கையா அவள் கையா, தோளில் ஊக்குக் குத்துகிற மாதிரி இருக்கிறது, கொல்லைக்கு வருகிறேன், குருவம்மா கூடையை நீட்டினாள், வேண்டாமென்று தலையாட்டிவிட்டுக் கல்லின் மேல் வைத்தேன். சாம்பார் ஒரு கோடாக இறங்குகிறது, ஈ வருகிறது, வெயில் பாதி இலைவரை வந்துவிட்டது, கல்லுக்கு அந்தப் பக்கம் முந்தானையைப் போர்த்திக்கொண்டு பவுன்தாய் நிற்கிறாள், அண்ணே, ரெண்டு வேனு சாமி வந்திருக்கு, சோறு சோறு என்று உள்ளேயிருந்து சன்னாசி கத்துகிறான், நான் திரும்பவில்லை, அப்பறம்டா, இருக்கச் சொல்லு என்றேன், கையை நீட்டினேன், நடுவில் அந்த ஒரு சாண் இல்லை, இலை விரலில் பட்டது, பிரித்தேன், வைத்த சோறு வைத்தபடி இருந்தது, ஐந்து விரல் தடம் இருந்தது, நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன், என்ன பவுனு, முழுங்க முடியலையா என்று கேட்டேன்.