சோப்பு படாத மோதிரம்

மணிக்கட்டு முறிந்து விரலெல்லாம் வீங்கியதால்தான் அக்கா அந்த மரகத மோதிரத்தைத் தங்கையிடம் கொடுத்துவைத்தாள். இல்லாவிட்டால் கழற்றிக் கொடுக்கிற ஆளா அவள்? அதைப் போட்டுவிட்ட புருஷன், தங்கைக்கு மாமா, செத்துப் பதினோரு வருஷம். பாத்திரம் தேய்க்கப் போனால் மோதிரம் பஞ்சு வைத்த டப்பாவுக்குப் போகும். அடுப்பு வெக்கைகூட அதன்மேல் படாது. பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களே குறைவு.

"பத்திரம்டி. சோப்பு, சுடுதண்ணி எதுவும் ஆகாது. உங்க மாமா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு" என்று தங்கையின் உள்ளங்கையில் வைத்தாள்.

அக்கா தன்னை நம்பி ஒரு பொருளைக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. சின்ன வயசிலிருந்தே 'ஓட்டைக் கை' என்று பேர் வாங்கியவள் தங்கை. இந்த ஒரு தடவையாவது அக்கா வாயால் நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படியொரு ஆசை.

ஆசைப்பட்டவள் மோதிரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தாளா? அவள் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். நாள் பூராவும் கத்தியும் குறடும் கழுவுகிற கை. கல்லுக்கு அடியில் அழுக்கைப் பார்த்ததும் அந்தக் கை அரித்தது. அக்காவுக்குக் கட்டுப் பிரிப்பதற்கு முந்தின நாள், கருவிகளை அதிரவைத்துக் கழுவும் மெஷினில் வெந்நீர் விட்டு, மருந்து ஊற்றி, மோதிரத்தைப் போட்டாள். சோப்புதானே ஆகாது, இது சோப்பு இல்லையே, வெந்நீரும் கொதிக்கவில்லையே என்று ஒரு நியாயம் வேறு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!

எட்டு நிமிஷம். தங்கம் புதுசாக மின்னியது. கல் மட்டும் வெளுத்துப்போய், உள்ளே முடி முடியாக விரிசல் தெரிந்தது. அப்படியே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கல் பதிப்பவரிடம் ஓடினாள்.

கல் பதிப்பவர் கண்ணாடி வைத்துப் பார்த்த உடனே கேட்டார்: "மெஷின்ல போட்டீங்களா?"

அவள் தலையாட்டினாள்.

"மரகதம்னா முக்கால்வாசி விரிசலோடதாம்மா வரும். எண்ணெய் ஊறவெச்சு மறைச்சிருப்பாங்க. அந்த எண்ணெய் வெளிய வந்திருச்சு. மறுபடி ஊறவெக்கலாம். ஆனா ஒரு விரிசல் விளிம்பு வரைக்கும் ஓடியிருக்கு. பழைய மாதிரி வராது."

மறுநாள் பஸ்ஸில் ஏறும்போது 'என் தப்புதான்க்கா' என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். அக்கா வீட்டுப் படியேறும்போது, பயம் அந்த வார்த்தையை மாற்றிவிட்டிருந்தது.

அக்கா மோதிரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "என்னடி பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணலைக்கா. சுத்தம்தான் பண்ணேன். இந்த விரிசல் வாங்கினப்பவே இருந்துச்சாம். எண்ணெய் விட்டு மறைச்சிருக்காங்களாம். கல்லுக்காரரே சொன்னாரு."

அக்கா கத்துவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அக்கா கத்தவில்லை.

"ஒரு கீறல் கிடையாது, தேடித் தேடி வாங்கினேன்னு சொல்லித்தானே போட்டுவிட்டாரு?" என்றாள் அக்கா. மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோப்பு படக் கூடாதுன்னது இதுக்குத்தானா? தெரிஞ்சுதான் சொன்னாரா?"

"ஐயோ, எல்லா மரகதமும் அப்படித்தானாம்க்கா! மாமாவுக்கே தெரியாம இருந்திருக்கும். மறுபடி எண்ணெய் ஊறவெச்சா..."

"மறுபடி மறைச்சு? மறுபடி நான் காவல் காத்து?"

வீக்கம் வடியாத விரல்களால் அக்கா மோதிரத்தை மேஜை ஓரத்தில் வைத்தாள். பஞ்சு டப்பா பக்கத்திலேயே இருந்தும் அவள் அதை எடுக்கவில்லை.  அக்கா காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தங்கை நினைத்தாள்.

"நான்தான் கெடுத்துட்டேன்னு சொல்லியிருக்கலாம்லடி" என்றாள் அக்கா, கோபமே இல்லாமல். "நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். எனக்கு அவராவது மிஞ்சியிருப்பாரு."