பிடில் இழுத்த அழுகை

...அழுதது குத்தமா, இல்லை அன்னைக்கு அழாதது குத்தமா, எதுக்கு இந்த மனுசன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பத்தடி முன்னால போறான், கண்ணாயிக்கு வயிறு எரிந்தது. பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகை விற்றுவிட்டு, டூரிங் கொட்டகையில் படம் பார்க்கலாம் வா என்று கூட்டிப்போனவனே அவன்தானே. பார்த்தோமா, சந்தைத் திடலிலேயே படுத்து எழுந்தோமா, விடியலில் மலையேறினோமா என்றில்லாமல், முதல் மேட்டிலேயே புருசன் அண்ணாமலை ஆரம்பித்துவிட்டான். "பெத்த புள்ளையக் குழியில வெக்கறப்ப ஒரு சொட்டுக் கண்ணுத்தண்ணி உடல நீ. நேத்து எவ புள்ளைக்கோ தேம்பித் தேம்பி அழுவுற. நீயெல்லாம் ஒரு தாயா? உங்கம்மா ஊட்டுல கொண்டி உட்டுடறேன், அங்கயே கெட."

தாயாவாம்ல, தாயா... ஏழு மாசம், பல்லு முளைக்கலை. பல்லு முளைக்காத புள்ளைக்குக் கொட்டுமேளம் கிடையாது, ஒப்பாரி கிடையாது, வாயை மூடிக்கிட்டுப் பலா மரத்தடியில் புதைத்துவிட்டு வரணும், அதுதானே அவர்கள் ஊர் வழக்கம். மாமியார் பாப்பாயி, சத்தம் போட்டா அடுத்த புள்ளை தங்காதுடி என்றாள். போடவில்லை. அப்புறம் அதே வாய்தான் கல்நெஞ்சுக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது, நாசமாப் போக. கண்ணாயிக்கும் சந்தேகம்தான்... மண்ணைத் தள்ளுறதைப் பாத்துக்கிட்டுச் சும்மாதானே நின்னேன், தொண்டைக்குள்ள ஒண்ணுமே வரலையே, எனக்குப் பாசமே இல்லியோ?

நேற்று மட்டும் எங்கிருந்து வந்தது? படத்துக் குழந்தை தொட்டிலில் சிரித்துக்கொண்டுதான் கிடந்தது, அதற்குள்ளே ஒரு பிடில் இழுக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான், இவளுக்குக் கண் பொங்கிவிட்டது. படத்துல அந்தப் புள்ளை சாகறதுக்கு முன்னாலயே அழுதாச்சு, கிறுக்கி. அது செத்த பிறகு மிசின் மக்கர் பண்ணிச் சத்தம் நின்றுபோனது, படம் மட்டும் ஓடியது. அந்தத் தாய்க்காரி வாயைத் திறந்து திறந்து மூடினாள், மாரில் மாரில் அடித்துக்கொண்டாள், கொட்டகையே கொல்லென்று சிரித்தது. ஈரக் கன்னத்தோடு கண்ணாயியும் சிரித்தாள். அட சாமி... அப்போ பலா மரத்தடியில நின்ன என்னையும் இப்படித்தான் பாத்திருப்பாங்களா, சத்தம் நின்னுபோன படமாட்டம்?

இதை அவனிடம் சொல்லணும், அம்மா ஊருக்குத் தடம் பிரியுற பாறை வர்றதுக்குள்ள சொல்லிப்புடணும். "ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க." அவன் நிற்கவில்லை. தன்னை மறந்து சீட்டியடித்துக்கொண்டு போனான். காதைக் கொடுத்துக் கேட்டால் அந்தப் பிடில் மெட்டு, ஒரு இழுப்புக்கூடத் தப்பவில்லை... அப்போ கொட்டகை இருட்டுல நீயும்தானய்யா அழுதிருக்க? கேட்க வாயெடுத்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சரி, வருது, இப்பவாச்சும் எம்புள்ளைக்கு அழுவோம் என்று அதன் முகத்தை மனசுக்குள் கூப்பிட்டாள். வந்தது படத்துக் குழந்தை. கூப்பிடக் கூப்பிட அதுவேதான் வந்தது, தொட்டிலில் சிரித்துக்கொண்டு.

பாறையருகே நின்று அண்ணாமலை திரும்பிப் பார்த்தான். "நம்ம புள்ளைய நெனச்சா அழுவுற?" குரல் இறங்கியிருந்தது. அம்மா ஊர்த் தடத்தை விட்டுவிட்டு வீட்டுத் தடத்தில் காலை வைத்தான். "வா கண்ணு, போலாம்."

"ஆமாங்க, நம்ம புள்ளையத்தான்," என்றாள் கண்ணாயி.