சிதம்பரத்து மாமா

1

இந்தக் கதை பிறந்தது ஒரு பொய்யில். பொய் சொன்னவள் நான்தான். 1963இல், கடலூரில், பதினோராம் வகுப்பில். அந்தப் பொய்க்குப் பதினைந்துக்குப் பதின்மூன்று மதிப்பெண் வாங்கினேன். ஆறு வருடம் கழித்தும் வயிறு எரிகிறது.

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்: “காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை…” சீ! இதுவும் டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதான்.

2

பட்டம்மாள் டீச்சர் எங்களுக்குத் தமிழ் எடுத்தார். வருணனைக் கட்டுரைக்கு ஒரு சட்டகம், சிந்தனைக் கட்டுரைக்கு இன்னொன்று. பயணக் கட்டுரைக்கு நாலு தலைப்பு: புறப்பாடு, வழிக்காட்சி, வரவேற்பு, திரும்புதல். வரவேற்பில் ஒரு மாமா வருவார். பெயர் தில்லைநாதன். சிதம்பரம் ஸ்டேஷனில் குதிரை வண்டியோடு நிற்பார். டீச்சர் சொல்லச் சொல்ல எழுதி உருப்போட்டோம். செலக்‌ஷன் பரீட்சையில் முப்பத்தொன்பது பெண்களில் முப்பத்தெட்டுப் பேருக்கு அதே மாமா, அதே வண்டி.*

[* எனக்குச் சிதம்பரத்தில் ஈ காக்கை கிடையாது. நான் ரயிலே ஏறியதில்லை.]

3

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னி நிஜமாகவே ரயில் ஏறியவள். அம்மா வேலம்மாளோடு, கருவாட்டுக் கூடையோடு, சிதம்பரத்துக்கு டிக்கெட் வாங்கிக் கடலூர் முதுநகரில் ஏறியிருக்கிறாள். நாற்றம் என்று பெட்டியே கத்தியிருக்கிறது. பாதி வழியில், புதுச்சத்திரத்தில், கூடையைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டார்கள். கூடைக்குப் பின்னால் இவர்களும் இறங்கிவிட்டார்கள். ‘வரவேற்பு’ என்ற தலைப்பின் கீழ் பொன்னி அதைத்தான் எழுதினாள்.

“பயணக் கட்டுரைன்னா ஊர் போய்ச் சேரணும். மாமா எங்கடி?”

“எனக்கு யாரும் வரலியே டீச்சர்.”

“வராட்டி என்ன? எழுதறதுக்கு என்ன கேடு?”

பூஜ்யம். நாலு மதிப்பெண் குறைந்து தமிழில் பெயில். பள்ளித் தேர்வில் தேறாததால், அரசாங்கம் நடத்தும் பெரிய பரீட்சைக்கு அவள் பெயர் போகவில்லை. டீச்சர் டிரெயினிங் சேர வேண்டுமென்று சொல்லிக்கொண்டே இருந்தவள் அவள். என் கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்தார்கள். நான் வெட்கமில்லாமல் இளித்துக்கொண்டு நின்றேன்.

4

(இங்கே டீச்சரைக் கொடுமைக்காரியாக்கி ஒரு பத்தி எழுதினேன்: “அவர் கண்களில் நெருப்பு…” நெருப்பாவது மண்ணாவது! நல்ல மனுஷி. முப்பத்தெட்டுப் பேரைக் கரையேற்றினார். அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஆறவே மாட்டேன் என்கிறது.)

5

முதல் முடிவு: பொன்னி மறுபடி எழுதிப் பாஸாகிறாள். அப்படி நடக்கவில்லை.

இரண்டாம் முடிவு: சிதம்பரம் ஸ்டேஷன். வேலம்மாளும் பொன்னியும் இறங்குகிறார்கள். தில்லைநாதன் மாமா ஓடிவந்து கூடையை…

போன வாரம் இதை மஞ்சக்குப்பத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த பொன்னியிடம் படித்துக் காட்டினேன். வஞ்சிரத்தை அறுத்தபடியே கேட்டாள்.

“என்னைக் கொண்டுபோய் செதம்பரத்துல எறக்கி உட்டுட்டா ஒனக்கு நிம்மதி. அதான, ராஜாமணி?”

“அப்ப எப்படிடி முடிக்கறது?”

“அன்னைக்குப் பெட்டி நெறைய ஆளு இருந்தாங்க. அவுங்களப் போய்க் கேளு.”

6

கேட்கிறேன். முதுநகர் ஸ்டேஷன். வேலம்மாள் கூடையை ஏற்றுகிறாள். பொன்னி டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருக்கிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது நீங்கள். மாமா வரமாட்டார், அவரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். மிச்சத்தை எழுத உங்களுக்குச் சட்டகம் எதுவும் தரமாட்டேன்.

வண்டி புதுச்சத்திரத்தில் நிற்கிறது. யாரோ கூடையில் கை வைக்கிறார்கள். நீங்கள்