ரமிரோவுக்குக் கை கொடுத்த கதை

வீட்டில் பேசுகிற ஸ்பானிஷ்தானே, கண்ணை மூடிக்கொண்டு மார்க் அள்ளலாம் என்று நம்பித்தான் பள்ளிக் கடைசி வருஷத்தில் கல்லூரித் தரத்து ஸ்பானிஷ் இலக்கிய வகுப்பில் சேர்ந்தோம். மெக்சிகோ எல்லையை ஒட்டிய எங்கள் அமெரிக்க ஊர் லரேடோவில் இந்தத் தப்பைச் செய்யாத பிள்ளை கிடையாது. முதல் வாரமே நானூறு வருஷப் பழைய கவிதை ஒன்று எங்கள் திமிரையெல்லாம் அடக்கிவிட்டது.

ஆண்டு முடிவில் ஓல்கா டீச்சர் ஒரு குண்டு போட்டார். அந்தக் காலத்து நாடகம் ஒன்றின் கடைசிக் காட்சியைக் குடும்பத்தார் முன்னால் நடிக்க வேண்டும், பாதி மார்க் அதற்குத்தான். ஏமாற்றிவிட்டு ஓடிய காதலனை ஆண் வேஷத்தில் துரத்திப் பிடிக்கும் சீமாட்டி நான். ஓடியவன் ரமிரோ. முடிவில் அவன் மண்டியிடுவான், நான் மன்னித்துக் கை கொடுக்க வேண்டும்.

வேறு எவனாவது என்றால் கொடுத்துத் தொலைத்திருப்பேன். எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பதினைந்து வயதானால் கல்யாணம் மாதிரி கொண்டாடுவார்கள்; என்னுடைய அந்தப் பிறந்தநாள் விழாவில் என்னோடு வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் ஆட வேண்டியவனே இவன்தான். சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்க, அவ்வளவு பெரிய நீலப் பாவாடையில் நான் நிற்க, ஆளே வரவில்லை. மாமா அக்கார்டியனைக் கீழே வைத்துவிட்டு என்னோடு ஆடினார். அழுகையை அடக்கிக்கொண்டு ஆடினேன். ஏன் வரவில்லை என்று அவனும் சொல்லவில்லை, ரோஷத்தில் நானும் கேட்கவில்லை.

"டீச்சர், இவனை என்னால மன்னிக்க முடியாது."

"நீ மன்னிக்க வேண்டாம் மைரா. சீமாட்டி மன்னிச்சா போதும்."

நாடகத்தன்று சாயங்காலம் பள்ளிச் சாப்பாட்டுக்கூடம் நிரம்பி வழிந்தது. ரமிரோ மண்டியிட்டான். ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்கியது.

"பிழை செய்தேன், சீமாட்டியே. உன் கரம் தா!"

நான் வாயைத் திறப்பதற்குள் சோய்லா அத்தை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "குடுக்காதடி மைரா! அன்னைக்கு வராம ஏமாத்தினவன்தானே இவன்!"

"எம்புள்ளைக்கு அன்னைக்குக் காய்ச்சல்!" என்று ரமிரோவின் அம்மா பாய்ந்தாள்.

"காய்ச்சக்காரன் மறுநாளே ஐஸ்கிரீம் கடையில என்ன பண்ணானாம்?"

கூடமே இரண்டு கட்சியானது. திரை ஓரத்தில் டீச்சர் தன் கையை நீட்டி நீட்டிக் காட்டிக் கெஞ்சினார். பாதி மார்க் பறந்துகொண்டிருந்தது. எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"முதல்ல வால்ட்ஸ். அப்புறம்தான் கை!" என்றேன்.

இடைவேளையில் வாசிக்க வந்திருந்த மாமா அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி அக்கார்டியனை விரித்தார். ரமிரோ என் காலை மிதித்தான், மறுபடி மிதித்தான், மீசை கழன்று விழுந்தது. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"காய்ச்சலெல்லாம் இல்ல," என்றான் காதோரம். "எனக்கு ஆடத் தெரியாது. எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன்."

"இன்னைக்கும் தெரியலையேடா. சிரிக்கத்தானே செய்யறாங்க."

"ஆமா. ஆனா வந்துட்டேன்ல?"

கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "இதோ என் கரம்!" என்று கூரை அதிரக் கத்தினேன். சோய்லா அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே விசிலடித்தாள்.

திரை விழுந்தது. "அந்தக் காலத்து ஜனமும் இப்படித்தான் கத்துமாம், முழு மார்க்!" என்று டீச்சர் குதித்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"காட்சி முடிஞ்சிருச்சு, கையை விடலாம்."

நாங்கள் விடவில்லை.